சாரப் புரதமா, சாரக்கட்டுப் புரதமா?

அக்கா மகள் மைக்ரோபயாலஜி படிக்கிறாள். போன மாதம் கேட்டாள், "மாமா, ஸ்கேஃபோல்ட் புரோட்டீனைத் தமிழில் எப்படி எழுதுவது? சாரப் புரதம் என்று எழுதினால் தோழி சிரிக்கிறாள்." செல்லுக்குள் மற்ற புரதங்களை ஓரிடத்தில் சேர்த்துப் பிடித்து வைக்கும் புரதம் அது. தோழி சிரித்தது நியாயம்தான். சாரப் புரதம் என்றதும் ஏதோ மூலிகைச் சாரம், பருப்புச் சாரம் மாதிரி, பிழிந்து எடுத்த சத்து என்றுதான் தோன்றும்.

சேலத்தில் கட்டடம் கட்டுகிறவர்களிடம் இந்தக் குழப்பமே கிடையாது. அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிச் சுவரைப் பூசும்போது கொத்தனார் முதல் நாளே சொல்லிவிட்டார், "சாரம் கட்டாம மேல ஏற முடியாதுங்க." ஸ்கேஃபோல்டுக்குத் தமிழ் சாரம்தான், புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. கன்னடத்திலும் சாருவே என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சத்து என்ற பொருளில் வடமொழியிலிருந்து வந்த இன்னொரு சாரமும் இதே எழுத்தில் நிற்கிறது, போதாக்குறைக்கு நெல்லை, குமரிப் பக்கம் போனால் சாரம் என்பது இடுப்பில் கட்டும் கைலி! ஆங்கிலச் சொல்லும் ஒன்றும் சுத்தமில்லை. பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஸ்கேஃபோல்டுக்குத் தூக்குமேடை என்றும் ஒரு பொருள் உண்டு.

சரி, பாக்டீரியாவுக்குள் சாரத்துக்கு என்ன வேலை?

காலோபாக்டர் என்று ஒரு பாக்டீரியா. ஏரி, ஓடை போன்ற நன்னீரில் வாழ்வது, உடம்பு நீளம் சுமார் 2 மைக்ரோமீட்டர். அதற்குள் இருக்கும் குரோமோசோம், அதாவது மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. இழை, ஒன்றே ஒன்று, வளையம் மாதிரி, சுமார் 40 லட்சம் டி.என்.ஏ. எழுத்து இணைகள். நீட்டிப் பிடித்தால் ஒரு மில்லிமீட்டரையும் தாண்டும், அதாவது உடம்பைப் போல 500 மடங்குக்கும் மேல். (குரோமோசோம் என்பது 1888-ல் வால்டையர் வைத்த பெயர், கிரேக்கத்தில் நிறம் + உடல். சாயம் பிடித்து நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரிந்ததால் அப்படி. நம் ஊரில் நிறப்புரி, இலங்கையில் நிறமூர்த்தம்.) நம் செல்லில் இருக்கும் உட்கருவோ, இரண்டு பக்கமும் இழுக்கும் கதிர்க்கோல் இழைகளோ இதனிடம் இல்லை. ஆனாலும் செல் இரண்டாகும்போது பாகப்பிரிவினை ஒழுங்காக நடந்தாக வேண்டும், அதுவும் ஆளுக்குப் பாதி இல்லை, ஆளுக்கு ஒரு முழு நகல்.

இந்த வேலையைச் செய்யும் புரதங்களுக்குப் பார்-ஏ, பார்-பி என்று பெயர். பார் என்பதே பிரிவினையைக் குறிக்கும் பார்ட்டிஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துதான். குரோமோசோமில் பார்-எஸ் என்றொரு இடம் இருக்கிறது, பார்-பி அதன் மேல் உட்காரும். நகல் எடுத்ததும் ஒரு பார்-எஸ் பழைய முனையிலேயே நின்றுவிடும், மற்றொன்றைப் பார்-ஏ எதிர் முனைக்கு இழுத்துக்கொண்டு போகும். போய்ச் சேர்ந்த பிறகு யார் பிடித்து வைப்பது? அங்கேதான் பாப்-இசட் என்ற ஸ்கேஃபோல்ட் புரதம் வருகிறது. 2008-ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைப் பற்றித் தனித்தனியாக வெளியிட்டன. செல்லின் முனையில் தன் இனத்தோடு தானே கோத்துக்கொண்டு ஒரு திரளாக நிற்கும், பார்-பியைப் பிடித்துக்கொள்ளும், அதன் வழியாகக் குரோமோசோமே முனையில் கட்டுண்டு கிடக்கும். புதிய முனையில் பார்-ஏவையும் பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பாப்-இசட்டை நீக்கிவிட்டுப் பார்த்தால் குரோமோசோம் முனையில் நிலைக்காது, பாகம் பிரிவதில் கோளாறு, செல்கள் பிரியாமல் நீளநீளமாகப் போகின்றன.

எங்கள் வீட்டுச் சாரத்தை ஒரு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கம்பைப் பார்த்துக் கொத்தனார் கவலைப்படவே இல்லை, சவுக்குக் கம்பு கொஞ்சம் வளைந்திருந்தாலும் "பரவாயில்லை" என்றுவிட்டார். நிற்கும் கம்பும் படுக்கும் கம்பும் சந்திக்கிற இடத்தில் போட்ட முடிச்சைத்தான் காலால் உதைத்து உதைத்துப் பார்த்தார், ஒன்று ஆடியதும் அவிழ்த்துவிட்டுக் கயிற்றை நனைத்து மறுபடி இறுக்கச் சொன்னார். பாப்-இசட் செய்வதும் அந்த முடிச்சு வேலைதான். தனித்தனியாக மிதக்கும் புரதங்களை ஓரிடத்தில் சேர்த்துக் கட்டிவைப்பது. அதனால்தான் நான் சாரக்கட்டுப் புரதம் என்பேன். கட்டு என்ற சொல் கூடச் சேர்ந்ததும் சத்து, கைலி இரண்டும் ஓடிவிடுகின்றன, புரதத்தின் வேலையும் பெயரிலேயே வந்துவிடுகிறது. சட்டகப் புரதம், தாங்கு புரதம் என்றும் எழுதலாம்தான், ஆனால் அவற்றில் சும்மா நின்று சுமக்கும் தூண்தான் தெரிகிறது, சேர்த்துப் பிடிப்பது தெரியவில்லை.

உவமை ஓரளவுக்குத்தான் வரும். நம் சாரம் பூச்சு முடிந்ததும் கழன்றுவிடும், பாப்-இசட் கழலாது. செல் வளர வளர எதிர் முனையிலும் இன்னொரு திரளாகச் சேரும். அப்புறம், அது கம்பு மாதிரி விறைப்பானதும் இல்லை, ஒரு துளிப் பாகு மாதிரி. உள்ளே வரவேண்டிய புரதம் வரும், புரதம் தயாரிக்கும் ரைபோசோம் போன்ற பெரியவை வெளியே நின்றுவிடும்.

பாப்-இசட் என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்காதே என்று அக்கா மகளிடம் சொன்னேன். அது முனை ஒழுங்கமைப்புப் புரதம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அடைமொழியாக ஒரு தடவை சொன்னால் போதும். ஆளின் பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை, வேலையின் பெயரைத்தான்.