கோவலனிடம் யாரும் கேட்காத கேள்வி

'சிலப்பதிகாரத்தில் கோவலன் கொலைக்குக் காரணம் யாது?' என்று சட்ட விழிப்புணர்வு முகாம்களுக்காகப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போகும்போது மாணவர்களிடம் கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் 'ஊழ்வினை' என்று பதில் வந்துவிடும். அப்படித்தான் படித்திருக்கிறார்கள், அப்படி எழுதினால்தான் மதிப்பெண். காப்பியத்தின் முன்னுரையான பதிகத்திலேயே 'ஊழ்வினை உருத்துவந்து ஊட்டும்' என்று இருப்பதால் அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது. ஆனால் அதே பதிகத்தில் அதற்கு முன்னால் 'அரசியல் பிழைத்தோர்க்கு அறங்கூற்று ஆவதும்', அதாவது ஆட்சியில் தவறியவர்க்கு அறமே எமனாகும் என்று இன்னொன்றும் இருக்கிறதே, சரி, அந்தப் பிழை எது, எந்த இடத்தில் நடந்தது, யார் யார் செய்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் வகுப்பில் சத்தமே இருக்காது.

நான் குற்றவியல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். திருட்டுச் சந்தேகத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் குடும்பத்தார் என்னிடம் அடிக்கடி வருவார்கள், பெரும்பாலும் இரவு நேரத்தில், பதறிப்போய். அதனாலேயே கோவலன் கொல்லப்படும் பகுதியான கொலைக்களக் காதையை விதியின் கதையாக என்னால் படிக்க முடிவதில்லை. அது ஒரு விசாரணை எப்படிக் கெட்டுப்போனது என்பதன் முழுப் பதிவு. படிப்படியாக, யார் என்ன சொன்னார்கள் என்பது உட்பட எழுதி வைத்திருக்கிறார் இளங்கோவடிகள்.

முதலில் புகார் வந்த விதத்தைப் பாருங்கள். அரசி கோப்பெருந்தேவி ஊடலை மறைத்துத் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். பாண்டிய அரசன் நெடுஞ்செழியன் அமைச்சர்களை விட்டுவிட்டு அவளைச் சமாதானப்படுத்த அந்தப்புரம் நோக்கி விரைகிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் காலில் விழுந்து, அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என் குடிசையில் இருக்கிறான் என்கிறான். அவைக்களம் கூடவில்லை, பக்கத்தில் ஆலோசனை சொல்ல ஆள் இல்லை, அரசன் மனம் வேறு எங்கோ இருக்கிறது. அவன் இட்ட உத்தரவு இது: 'தாழ்பூங் கோதை தன்காற் சிலம்பு, கன்றிய கள்வன் கையது ஆகின், கொன்றச் சிலம்பு கொணர்க ஈங்கு.'

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, சிலம்பு அவன் கையில் இருந்தால். அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்க்கும் வேலை யாரிடம் போனது? புகார் சொன்ன பொற்கொல்லனிடமே. ஊர்க்காவலர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் அவன், இதுதான் அந்தச் சிலம்பு என்று அடையாளம் காட்டுவதும் அவன், காவலர்கள் தயங்கினால் பதில் சொல்வதும் அவன். உண்மையில் அரசியின் சிலம்பைத் திருடியவனும் அவன்தான். எந்த வழக்காக இருந்தாலும் புகார்தாரரே புலனாய்வு அதிகாரியாகவும் ஆகிவிட்டால் முடிவு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் படித்ததில்லை.

இன்றைய சட்டத்திலும் 'கையில் இருந்தால்' என்பதற்குப் பெரிய மதிப்பு உண்டு. திருட்டு நடந்த கொஞ்ச காலத்துக்குள் திருட்டுப் பொருள் ஒருவரிடம் இருந்தால், அவர்தான் திருடினார் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆவது பிரிவில் இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியம் அதோடு முடியவில்லை. அது தன் கைக்கு எப்படி வந்தது என்று அவர் விளக்கம் சொல்ல முடியாவிட்டால்தான் அந்த அனுமானம். அதாவது கேட்க வேண்டும். இது உன்னிடம் எப்படி வந்தது, உன் ஊர் எது, யார் மகன், இதன் உள்ளே ஒலிக்கும் பரல் முத்தா மாணிக்கமா, இவ்வளவுதான் கேள்வி. கோவலன் பதில் சொல்லியிருப்பான், என் மனைவியின் சிலம்பு, உள்ளே மாணிக்கம் என்று. ஒரு நொடியில் முடிந்திருக்கும். பிறகு வழக்குரை காதையில் கண்ணகி சொன்னதும் உடைத்துக் காட்டியதும் அதைத்தானே! 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே', எங்கள் சிலம்பின் பரல் முத்து என்று சொன்ன அரசன் வாயருகே மணி தெறிக்கிறது. ஆதாரம் முதல் நாளே கையில் இருந்தது. திறந்து பார்க்க ஆளில்லை.

சரி, காவலர்களுக்குச் சந்தேகமே வரவில்லையா? வந்தது. இந்த இடத்தை ஆசிரியர்கள் நிறுத்தி நிதானமாக நடத்த வேண்டும் என்பது என் ஆசை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொலை செய்யப்பட வேண்டியவன் இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டு வழிகளைப் பட்டியல் போடுகிறான், ஒருத்தன் தூதன் வேடத்தில் வருவான், கண்ணில் படாமல் மறைவான் என்று கதை சொல்லிப் பயமுறுத்துகிறான். ஒரு காவலன் தனக்கு நேர்ந்ததைச் சொல்கிறான், மழை இருட்டில் ஒரு கள்வன் தன் வாளையே பறித்துக்கொண்டு மறைந்தான் என்று. சொல்லிவிட்டு, 'அரிதிவர் செய்தி அலைக்கும் வேந்தனும்' என்கிறான். இவர்களைப் பிடிப்பது கஷ்டம், விட்டால் அரசன் நம்மை வதைப்பான், என்ன செய்யலாம் சொல்லுங்கள். மேலிடத்துப் பயம்! அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே 'கல்லாக் களிமகன்' ஒருவன், குடிபோதையில் இருந்தவன், வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவர்கள் தயக்கத்தை எழுதி வைக்கவும் இல்லை, மேலே கொண்டுபோகவும் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், அவர்கள் தயங்கியதற்குக் காரணம் கோவலனின் லட்சணமான தோற்றம். முகத்தைப் பார்த்து இவன் திருடன் இல்லை என்று சொல்பவர், வேறொரு முகத்தைப் பார்த்து இவன்தான் திருடன் என்றும் சொல்லிவிடுவார். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுப் பையன், ஊரைவிட்டுத் தள்ளி வசிக்கிற குறவர், இருளர் குடும்பங்கள் என்று சந்தேகம் யார் வீட்டு வாசலில் முதலில் போய் நிற்கிறது என்பதை நீதிமன்றத்துக்கு வருகிறவர்கள் எல்லாருமே பார்த்திருக்கிறார்கள்.

கோவலனுக்கு அன்று கிடைக்காத மூன்று விஷயங்கள் இன்று சட்டத்தில் எழுத்தாகவே இருக்கின்றன. எதற்காகப் பிடித்தோம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, சிலம்பைப் பார்க்க அரசன் அனுப்பிய ஆட்கள் என்றுதான் பொற்கொல்லன் அறிமுகம் செய்கிறான். அவனுக்காகக் காத்துக்கொண்டு ஆயர்பாடியில் இருந்த கண்ணகிக்குத் தகவல் போகவில்லை, ஊருக்குள் போய் வந்த ஒரு பெண் சொல்லித்தான் தெரிய வருகிறது. நீதி சொல்ல வேண்டியவன் முன்னால் அவனை நிறுத்தவே இல்லை. இப்போது அரசியலமைப்பின் 22ஆவது உறுப்பு என்ன சொல்கிறது என்றால், கைதுக்கான காரணத்தை உடனே சொல்ல வேண்டும், தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும். டி.கே.பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் போட்ட நெறிமுறைகளின்படி கைதுக் குறிப்பாணையில் சாட்சியும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், சாதாரணத் திருட்டு அதற்குள்தான் வரும், உடனே கைது என்பது கட்டாயமே இல்லை. 2014இல் அர்னேஷ் குமார் வழக்குத் தீர்ப்பு அதை அழுத்திச் சொன்னது. கைது தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவு இது. போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வழியாகப் பொருள் ஏதாவது கண்டுபிடிக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் ஏற்கப்படும், அந்தச் சின்ன விதிவிலக்கை வைத்தே எத்தனையோ வழக்குகள் நடக்கின்றன.

எழுத்தில் இருப்பது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டால், 2025 ஜூனில் மதுரைக்குப் பக்கத்திலேயே, சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்தில் கோவில் காவலாளியாக இருந்த ஓர் இளைஞர், பக்தர் ஒருவரின் காரிலிருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்டு, காவலில் இறந்துபோனார். காவலர்கள் கைதானார்கள், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கடுமையான கேள்விகளைக் கேட்டது, வழக்கு சிபிஐக்குப் போனது. காணாமல் போன நகை, ஒரு புகார், அவசரம், பாண்டிய நாட்டு மண். சிலப்பதிகாரத்தை அப்போது மறுபடி எடுத்துப் படித்தவர்கள் நான் ஒருவன் மட்டும் இல்லை.

என்னிடம் வந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாமல். வீட்டு வேலை செய்யும் பெண், மோதிரம் காணோம் என்று புகார், காலையிலேயே அழைத்துப்போய்விட்டார்கள், 'சும்மா விசாரணைதான்' என்று. வழக்குப் பதிவும் இல்லை, அறிவிப்பும் இல்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது, எந்த வழக்கில் வைத்திருக்கிறீர்கள், எழுத்தில் கொடுங்கள் என்று கேட்ட பிறகுதான் அனுப்பினார்கள். மோதிரம் பிறகு அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. ஆனால் அந்தத் தெருவில் அவருக்கு அதற்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றாலும் பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், நிலையத்துக்கு வரச் சொல்லக்கூடாது. இது அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. கல்லூரியில் படிக்கும் மகளுக்கும் தெரியவில்லை, அவள் பள்ளியில் சிலப்பதிகாரம் படித்தவள்.

மாணவர்கள் அதிகம் மாட்டுவது செகண்ட் ஹேண்ட் மொபைலில். குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று பில் இல்லாமல் வாங்கிவிடுவார்கள், சிம் போட்டதும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்த மொபைலுக்கே உரிய அடையாள எண்ணை வைத்துப் போலீஸ் வந்துவிடும். அப்போது அந்தப் பையனும் கோவலனின் இடத்தில்தான் நிற்கிறான், பொருள் கையில் இருக்கிறது, விளக்கத்துக்கு ஆதாரம் இல்லை. வாங்கும்போதே ஸ்டார் ஹேஷ் பூஜ்யம் ஆறு ஹேஷ் அழுத்தி ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்த்துவிடுங்கள். விற்பவரிடம் கையெழுத்துப் போட்ட ரசீதும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள், பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள், அதுவே ஒரு பதிவு. அப்படியும் அழைத்துப்போனால் எந்த நிலையம், அதிகாரி பெயர், நேரம் மூன்றையும் வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடக்கூடாது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம், இலவசம்.

காப்பியத்தின் இன்னொரு இடத்தையும் மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு பொற்கொல்லன் செய்த குற்றத்துக்காகக் கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்று காப்பியத்தின் முன்பகுதியில் வரும் உரைபெறு கட்டுரை சொல்கிறது. விசாரணை இல்லாமல் ஒருவனைக் கொன்றதற்குப் பரிகாரமாக விசாரணை இல்லாமல் ஆயிரம் பேர்! ஒருவன் குற்றத்தை அவன் சாதிக்கே எழுதி வைக்கிற பழக்கம் அங்கேயே நின்றுவிடவில்லை. 1871இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சமூகங்களையே பிறவிக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது, மதுரைப் பக்கம் அதை ரேகைச் சட்டம் என்பார்கள். பிரமலைக் கள்ளர் ஆண்கள் ராத்திரியானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள், மாயக்காள் என்ற பெண்ணும் அதில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது. வகுப்பில் பொற்கொல்லன் பாத்திரத்தைப் பற்றி விவாதிக்கும்போது தட்டார் வீட்டுப் பிள்ளை ஒன்று தலைகுனிந்து உட்கார்ந்திருக்கலாம், ஆசிரியர்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெடுஞ்செழியன் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. வாசலில் தலைவிரி கோலமாக நின்ற, ஊர் பேர் தெரியாத ஒரு பெண்ணை உள்ளே விடச் சொன்னான், முழுதாகப் பேச விட்டான், தன் பக்கத்து ஆதாரத்தைத் தானே சொல்லி, கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொண்டுவரச் செய்து அவள் முன்னால் வைத்தான். அது சரியான விசாரணை. கொலைக்கு முன் நடந்திருக்க வேண்டிய விசாரணை. தன் தவறையும் அவனே துல்லியமாகச் சொன்னான்: 'பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.' ஒரே ஒருவன் சொல்லை மட்டும் கேட்டதுதான் பிழை என்கிறான். ஊழ் என்று ஒதுங்கிக்கொள்ளவில்லை.

தமிழாசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கொலைக்களக் காதையை நடத்தி முடித்ததும், நீங்கள் அந்தக் காவலர்களில் ஒருவராக இருந்தால் கோவலனிடமும் பொற்கொல்லனிடமும் என்னென்ன கேட்பீர்கள் என்று பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். நான் முகாம்களில் இதைச் செய்கிறேன். உன் சிலம்பு எப்போது தொலைந்தது என்று அரசியிடம் போய்க் கேட்பேன் என்று ஒரு பையன் எழுதினான். பொற்கொல்லன் வீட்டை ஏன் யாரும் சோதனை போடவில்லை என்று கேட்டவர்கள் உண்டு. பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் எழுதியது ஒரே வரி: சிலம்பு ஜோடியாகத்தானே இருக்கும், இன்னொன்று எங்கே?