தெப்பன்யாக்கி: சொல்லும் பொருளும்

ஜப்பானின் கோபே நகரில் சன்னோமியா ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், கோபே மாட்டிறைச்சி என்று எழுதிய பலகைகள் தெருவுக்குத் தெரு கண்ணில் படும். பல கடைகளில் அதனருகே இன்னொரு சொல்லும் இருக்கும்: தெப்பன்யாக்கி. இதைத் தமிழில் 'ஜப்பானிய ஸ்டேக்' என்று எழுதுவோர் உண்டு. 'ஜப்பானிய கிரில்' என்போரும் உண்டு. இரண்டும் பொருந்தவில்லை. ஸ்டேக் என்பது தடித்த இறைச்சித் துண்டைச் சுட்ட உணவின் பெயர், தெப்பன்யாக்கி சமைக்கும் முறையின் பெயர். கிரில் என்றால் கம்பிகளின் மேல் வைத்து அனலில் வாட்டுவது. தெப்பன்யாக்கியிலோ அடுப்புக்கும் இறைச்சிக்கும் நடுவே கனத்த இரும்புத் தகடு ஒன்று கிடக்கிறது. அந்தத் தகடுதான் சொல்லின் முதற்பாதி.

இரும்புக்கு ஜப்பானியத்தில் தெட்சு, பலகைக்கு ஹன். இரண்டும் சேரும்போது நடுவிலுள்ள 'ட்சு' மறைந்து, ஹகரம் பகரமாகி, அதுவும் இரட்டித்து, தெப்பன் ஆகிறது. பொன்னும் குடமும் பொற்குடம் ஆவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் புணர்ச்சி புதிதாகத் தோன்றாது. தெட்சு, ஹன் இரண்டுமே சீனத்திலிருந்து எழுத்தோடு கூடவே ஜப்பானுக்கு வந்த ஒலிகள். இரும்புக்கு அவர்களுடைய சொந்தச் சொல் குரோகனே, அதாவது கருத்த உலோகம். தமிழ் நிகண்டுகளும் இரும்பைக் கரும்பொன் என்கின்றன.

பிற்பாதியான யாக்கி தூய ஜப்பானியம். யாக்கு என்ற வினையிலிருந்து பிறந்த பெயர். (அங்கே முதலெழுத்துக் குறில்தான், 'யக்கி' என்பதே ஒலிக்கு நெருக்கம். 'யாகி' என்று எழுதினாலோ ககரம் மெலிந்துவிடும். வழக்கை ஒட்டி யாக்கி என்றே எழுதுகிறேன்.) அகராதிகள் இந்த வினைக்கு எரி, வாட்டு, வறு, வேகவை என்று பல பொருள்களை வரிசையாகத் தருகின்றன. அத்தனையும் தேவையில்லை. தமிழில் ஒரே சொல் போதும்: சுடு.

ஜப்பானியர் மீனையும் ரொட்டியையும் யாக்கு செய்கிறார்கள். மண்பாண்டத்தையும் யாக்கு செய்கிறார்கள். பிசென் ஊர் மட்பாண்டத்துக்குப் பிசென்-யாக்கி என்று பெயர். யாக்கிமொனோ என்றால் சுட்ட பொருள். இடத்துக்கு ஏற்ப அது தட்டில் வரும் சுட்ட மீனையும் குறிக்கும், அலமாரியில் இருக்கும் மண்சாடியையும் குறிக்கும். வெயிலில் தோல் கருத்தால் ஹியாக்கே. பிணம் எரிக்கும் இடம் யாக்கிபா. தமிழிலும் தோசை சுடுகிறோம், செங்கல் சுடுகிறோம், வெயில் சுடுகிறது, ஊருக்கு வெளியே சுடுகாடு இருக்கிறது. ஒரு வினை அடுப்படியிலிருந்து சூளைக்கும் சூளையிலிருந்து சுடுகாட்டுக்கும் இவ்வளவு ஒத்த வழியில் நடந்து போவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஓரிடத்தில் மட்டும் வழி பிரிகிறது. நாம் வடையையும் சுடுகிறோம். ஜப்பானியருக்கு எண்ணெயில் பொரிப்பது அகெரு என்ற வேறு வினை.

இந்த ஒற்றுமையை வைத்து இரு மொழிக்கும் உறவு கொண்டாட வேண்டியதில்லை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழையும் ஜப்பானியத்தையும் இணைத்துப் பல ஆண்டுகள் எழுதினார், மொழியியலார் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நெருப்போடு பழகிய எந்த மக்களுக்கும் இப்படிப் பொருள் விரியலாம்.

யாக்கி என்று முடியும் உணவுகள் ஏராளம். தாக்கோயாக்கியில் தாக்கோ என்றால் எண்காலி என்ற ஆக்டோபஸ். தெரியாக்கியில் தெரி என்றால் பளபளப்பு. ஒக்கொனொமியாக்கி என்றால் விருப்பம்போலச் சுட்டது. மாவும் முட்டைக்கோசும் கலந்து இரும்புத் தகட்டில் வார்க்கும் அடை. தெப்பன்யாக்கியின் கதை இந்த அடையை ஒட்டித்தான் தொடங்குகிறது.

ஜப்பானில் மாட்டிறைச்சி பழங்கால உணவல்ல. பேரரசர் தென்மு 675இல் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்ணக்கூடாது என்று ஆணையிட்டார். பௌத்தமும் உழவும் சேர்ந்து அந்த விலக்கை நூற்றாண்டுகளுக்கு நீட்டின. 1868இல் கோபே துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறந்தது. 1872இல் பேரரசர் மெய்ஜி இறைச்சி உண்டதாகச் செய்தி வெளியானது. உழவுக்கு வளர்த்த தாஜிமா மாடுகள் துறைமுகத்து வெள்ளைக்காரர்களின் தட்டுக்கு வந்தன. கோபே என்ற ஊர்ப்பெயர் இறைச்சியின் பெயரானது அப்படித்தான்.

அதை இரும்புத் தகட்டில் சுடும் வழக்கம் இன்னும் பிந்தியது. இரண்டாம் உலகப்போரில் கோபே குண்டுவீச்சில் எரிந்தது. அந்த 1945இலேயே ஷிகெஜி புஜியோக்கா என்பவர் அங்கே மிசோனோ என்ற கடையைத் தொடங்கினார். ஒக்கொனொமியாக்கி வார்க்கும் தகட்டில், அமெரிக்கப் படையினரின் நாக்குக்கு ஏற்ப இறைச்சியைச் சுட்டதுதான் தொடக்கம் என்று சொல்லப்படுகிறது. தாங்களே முதல் கடை என்கிறது மிசோனோ. ஆக, பார்ப்பதற்குப் பழஞ்சடங்கு போலிருக்கும் இந்த விருந்து போருக்குப் பின் பிறந்தது. பயணிகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. சாம்பலிலிருந்து எழுந்த ஒரு நகரம், கைக்குக் கிடைத்த இரும்பையும் வந்து நின்ற அந்நியரையும் வைத்து உண்டாக்கிய உணவு என்று அறிந்து உண்பது, சாமுராய் காலத்து மரபு என்று நினைத்து உண்பதைவிட எவ்வளவோ மேல்.

1964இல் ஹிரோவாக்கி அவோக்கி என்ற முன்னாள் மல்யுத்த வீரர் நியூயார்க்கில் பெனிஹானா என்ற தெப்பன்யாக்கிக் கடையைத் திறந்தார். கரண்டியைச் சுழற்றுவதும், வெங்காய வளையங்களை அடுக்கி எரிமலைபோலத் தீ எழுப்புவதும் அமெரிக்காவில் வளர்ந்த வித்தைகள். ஜப்பானில் சமையற்காரர் பெரும்பாலும் அமைதியாகவே நிற்பார்.

அமெரிக்காவில் இன்னொரு குழப்பமும் சேர்ந்தது. அங்கே தெப்பன்யாக்கிக் கடையை ஹிபாச்சி என்கிறார்கள். ஹி என்றால் நெருப்பு, ஹாச்சி என்றால் சட்டி. கரியிட்டுக் குளிர்காயும் பாத்திரம் அது. நம் கணப்புச்சட்டியேதான். கரி போட்டுச் சமைக்கும் சிறு அடுப்புக்கு ஷிச்சிரின் என்று தனிப்பெயர் உண்டு. அது நம் குமுட்டி அடுப்பு. டெக்சாஸிலோ டொரொன்டோவிலோ ஹிபாச்சி சாப்பிட்ட நம்மவர்கள் தோக்கியோவில் அதே பெயரைச் சொல்லி விசாரித்தால் கணப்புச்சட்டியைத்தான் நினைப்பார்கள்.

இனி ஸ்டேக். ஆங்கிலத்துக்கு அது ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கோலில் கோத்துச் சுடுவது என்பதே அதன் வேர்ப்பொருள். ஜப்பானியர் அதை ஸுத்தேக்கி ஆக்கிக்கொண்டார்கள். தமிழில் 'இறைச்சித் துண்டம்' என்று எழுதுகிறோம். குழம்பில் போடுவதும் துண்டம்தான் என்பதால் இது போதாது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அளித்த விருந்தில் 'காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை' வருகிறது. காழ் என்பது இரும்புக் கோல். கொழுங்குறை என்பது கொழுப்புள்ள, வெட்டிய ஊன்துண்டு. அடுத்த வரியில், சூடு பொறுக்காமல் வாயில் அதை இப்புறமும் அப்புறமும் மாற்றி மாற்றித் தின்கிறார்கள். கோலில் சுட்ட கொழுத்த துண்டு என்ற கருத்து முழுதாக இருக்கும் சொல் கைவசம் இருக்க, ஸ்டேக்குக்குப் புதிதாக எதையும் வார்க்க வேண்டாம் என்பது என் துணிபு. கொழுங்குறை என்று எழுதுவோம்.

அந்தக் கொழுப்புக்கும் ஜப்பானியத்தில் ஓர் அழகான பெயர் உண்டு: ஷிமொபுரி, அதாவது உறைபனி விழுந்தது. சிவந்த ஊனுக்குள் வெள்ளை நரம்புகளாகக் கொழுப்பு பரவியிருப்பதைச் சொல்வது. கோபே மாட்டிறைச்சி என்ற பெயரைப் பெற, ஹியோகோ மாவட்டத்துத் தாஜிமா வழி மாடாக இருக்க வேண்டும். 12 படிகள் கொண்ட இந்தக் கொழுப்பு அளவுகோலில் 6ஐயாவது எட்டவும் வேண்டும். வாக்யூ என்பது இதைவிடப் பரந்த சொல். ஜப்பானிய மாடு என்று மட்டுமே அதற்குப் பொருள். ஒவ்வொரு மாட்டுக்கும் 10 இலக்க அடையாள எண் உண்டு. முக்கியமாக ஸ்டேக் விற்கும் உணவகம் அதைக் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம்.

உணவு மேசையே அடுப்பு என்பதால், முறை கண்முன்னே நடக்கும். தகடு பெரும்பாலும் 2 சென்டிமீட்டர் அளவு கனம். கனத்த இரும்பு சூட்டைச் சேர்த்து வைத்திருப்பதால், குளிர்ந்த இறைச்சி பட்டாலும் சட்டென ஆறாது. மேற்புறம் உடனே சிவந்து மணக்கும். நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவில் சுட்டு, ஓரத்துக்குத் தள்ளி ஓய்வு கொடுத்து, வாய்க்கு அளவாக வெட்டித் தருவார்கள். கத்தி நமக்குத் தருவதில்லை. குச்சியால் எடுத்து உண்ணத்தக்கபடி வெட்டுவது சமையற்காரர் வேலை. உப்பு, வசாபி, வறுத்த பூண்டுச் சீவல் பக்கத்தில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பரிமாறாமல் சிறிது சிறிதாகத் தருவார்கள், வாக்யூக் கொழுப்பு ஆறினால் சுவை போய்விடும். கடைசியில் அதே தகட்டில் பூண்டுச் சோறு கிளறுவார்கள்.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். 'இரும்புத் தட்டு வறுவல்' என்பது தவறு. வறுவல் என்றதும் நாம் எண்ணெயில் முறுகியதையே நினைப்போம். தெப்பனைக் கண்டால் எந்தத் தமிழருக்கும் பரோட்டாக்கல்தான் நினைவு வரும். தோசைக்கல்லும் பரோட்டாக்கல்லும் இரும்பாகிப் பலகாலம் ஆன பின்னும் நம் நாக்கில் அவை கல்லாகவே இருக்கின்றன. அதனால் 'கற்சுடல்' என்று சுருக்க ஆசை வரும். நான் அதை வேண்டாம் என்பேன். ஜப்பானில் உண்மையான கல்லில் சுடும் இஷியாக்கி என்ற முறையும் உண்டு. இஷி என்றால் கல். கற்சுடல் அதற்குரிய பெயர். தெப்பன்யாக்கிக்கு 'இரும்புக்கல் சுடல்', உணவைச் சொல்லும்போது 'இரும்புக்கல்லில் சுட்ட கொழுங்குறை', 'இரும்புக்கல்லில் சுட்ட இறால்'. கடைப்பெயராகவும் உணவுப்பட்டியலிலும் தெப்பன்யாக்கி அப்படியே இருக்கட்டும். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

மாட்டிறைச்சி உண்ணாதவர்களும் இந்தக் கடைகளுக்குப் போகலாம். இறால், ஸ்காலப் சிப்பி, டோஃபு, காய்கறி எல்லாம் சுடுவார்கள். ஆனால் தகட்டில் முதலில் தடவுவது பல இடங்களில் மாட்டுக் கொழுப்பு. அதற்கு கியூஷி (gyūshi) என்று பெயர். மேசை பதிவு செய்யும்போதே 'கியூஷி வேண்டாம், தாவர எண்ணெய் போதும்' என்று சொல்லி வையுங்கள். உட்கார்ந்த பிறகு சொன்னால், பக்கத்து இருக்கைக்காரரின் இறைச்சி அதே தகட்டில் ஏற்கெனவே உருகிக்கொண்டிருக்கும்.