ஸ்கேன்கோட்: தமிழ்ல வருடுகுறி

போன வாரம் பட்டர்வொர்த் மாமா ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் கொண்டாந்தாரு, உபுண்டு லினக்ஸ் போட்டு குடுத்தேன், எல்லாம் நல்லா ஓடுது, மேல் ஓரத்துல ராக்கெட் படம் போட்ட ஒரு பட்டன் மட்டும் எத்தன தடவ அமுத்துனாலும் அசையல. "தமிழ் லேஅவுட் போட்டதால இருக்குமா மாப்ள?"ன்னு கேட்டாரு. அது இல்ல. அஞ்சலோ தமிழ்99-ஓ, லேஅவுட் வேல செய்யறது மேல்மாடியில, இந்தக் கோளாறு வாசப்படியிலயே நிக்குது. லினக்ஸோட அடிப்படையான கெர்னல் எழுதி வைக்கிற லாக்ல பாத்தா "அன்நோன் கீ", கோட் 93-னு வந்துருக்கு. அந்த 93-தான் ஸ்கேன்கோட்.

ஸ்கேன்ங்கற சொல்லுக்கு மூலம் லத்தீன், அங்க அதுக்கு 'ஏறு'ன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல முதல்ல செய்யுளோட சீரைப் பிரிச்சுப் பாக்குறதுக்குத்தான் அத சொன்னாங்க, நம்ம யாப்புல அலகிடுறதுன்னு சொல்றோமே, அதேதான்! அப்புறமாத்தான் ஒன்னு விடாம உத்துப் பாக்குறதுன்னு அர்த்தம் விரிஞ்சது. கீபோர்டுக்குள்ள இருக்குற சிப்பும் அதத்தான் செய்யுது, குறுக்கும் நெடுக்குமா ஓடுற கம்பிங்கள வரிசையா தடவிக்கிட்டே இருக்கும், எங்க தொடுப்பு விழுந்துச்சோ அதோட நம்பர அனுப்பிடும்.

புள்ள தலைய வருடிக் குடுக்குறோம்ல, அந்த வருடல்தான் இது. ஸ்கேனர ஏற்கனவே வருடின்னு சொல்றோம், அதனால வருடுகுறி பொருந்துதுங்கறது என் முடிவு. விசைக்குறின்னு சொன்னா கீகோடோட குழம்பிடும், அது வேற.

எஸ்கேப் விசைய எடுத்துக்குங்க. 1981-ல வந்த ஐபிஎம் பிசி முறையில அமுத்துனா 01, விட்டா 81. அதே விசைக்கு யூஎஸ்பி கீபோர்ட்ல லினக்ஸ் காட்டுறது 70029. இது ரெண்டும் வருடுகுறி, கீபோர்ட் மாறுனா இதுவும் மாறும். லினக்ஸ் ரெண்டையும் 1-ங்கற ஒரே விசை எண்ணா ஆக்கிடுது, அதான் கீகோட். தெரையையும் கீபோர்டையும் பாத்துக்குற எக்ஸ்ங்கற மென்பொருள் அதோட 8 கூட்டி 9-ன்னு வாங்கி, கடைசில 'எஸ்கேப்'ங்கற விசைப்பெயர குடுக்குது, அது கீசிம். எக்ஸுல 255-க்கு மேல நம்பர் கெடையாது, அதனால கெர்னல் எண் 247-ஐத் தாண்டுன விசை அங்க நேரடியா எட்டாது.

விசைங்கற சொல்லும் நல்ல தேர்வு. மலாய்ல கெகுன்சி, அதாவது குன்சி, பூட்டு சாவியில இருந்து வந்தது. நம்மாளுங்க போர்த்துகீசுல இருந்து வந்த சாவிய இங்க இழுக்காம, அமுத்துனா இயங்குற பொறின்னு விசைய எடுத்தாங்க.

மாமா லேப்டாப்ல அந்த 93-க்கு விசை எண்தான் இல்ல. வன்பொருள் விவரம் வைக்கிற ஹெச்டபிள்யூடிபி ஃபைல்ல அதுக்கு நேரா ப்ராக்1-ங்கற விசைப்பேர ஒரு வரி எழுதி, டேட்டாபேஸ புதுப்பிச்சு, அத எடுத்துக்கச் சொல்லி, கருவிங்கள கவனிக்கிற யூடெவ ட்ரிகர் பண்ணேன், கெர்னல் 148-ன்னு சொல்லுச்சு, எக்ஸுல 156. ராக்கெட்ட அமுத்துனா இப்ப மாமாவோட ரேடியோ தொறக்குது.