இரண்டேகால் மடங்கு வெளிச்சம், பத்து மடங்கு விலை

"அண்ணே, ஒன் பாயின்ட் டூ எடுத்துரலாமா?"

ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கினால் இந்தக் கேள்வியோடு யாராவது போன் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வருடமாகக் கல்யாணங்களில் கேண்டிட் போட்டோ எடுக்கும் தம்பிகள். ஒன் பாயின்ட் டூ என்றால் எஃப்/1.2 லென்ஸ்; அந்த எஃப் எண் சிறிதாக ஆக வெளிச்சம் நுழையும் வாசல் பெரிதாகும். இ.எம்.ஐ. எல்லாம் விசாரித்து முடித்திருப்பார்கள். என்னிடம் கேட்பது ஆசீர்வாதத்துக்காக. நான் கணக்குப் போட்டுக் காட்டுவேன்.

கேனான் ஆர்.எஃப். 50 மி.மீ. லென்ஸ்கள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்/1.8 லென்ஸ் 160 கிராம், எஃப்/1.2 லென்ஸ் 950 கிராம். குவியத் தூரமான 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28 மி.மீ., 1.2ஆல் வகுத்தால் 42 மி.மீ. வெளிச்சம் நுழையும் வாசலின் விட்டம் அது. பரப்பில் பார்த்தால் பெரியது சின்னதைப் போல இரண்டேகால் மடங்கு. அதற்கு எடை ஏறக்குறைய ஆறு மடங்கு, விலை பத்து மடங்குக்கு மேல். ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறன் எண்ணை (ஏற ஏறப் படத்தில் புள்ளி தட்டும்) 3200 வைக்க வேண்டிய இடத்தில் 1400, 1600 வைத்துச் சமாளிக்கலாம். கையில் கிடைப்பது அவ்வளவுதான். இன்றைய ஃபுல் ஃபிரேம் பாடியில் (பெரிய சென்சார் கேமராவில்) எடுத்து, 12×36 அங்குல ஆல்பத்தில் அச்சடித்துக் கொடுத்தால், அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க நானே திணறுவேன். மாப்பிள்ளையின் தாய்மாமா எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்?

அப்போ காசெல்லாம் எங்கே போகிறது? கண்ணாடிக்குப் போகிறது. 1.8க்குள் ஆறு கண்ணாடி, 1.2க்குள் பதினைந்து. வாசல் அகலமாக ஆக, ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே புள்ளியில் வந்து சேராமல் படத்தின் மேல் மெல்லிய பால்படலம் போட்டதுபோல் ஆகும். நிறங்களும் ஒரே இடத்தில் குவியாது. பட்டுச்சேலை ஜரிகையை மேடை விளக்கில் முழு அப்பர்ச்சரில், அதாவது வாசலை முழுக்கத் திறந்து, எடுத்தவர்களுக்குத் தெரியும்: ஃபோகஸுக்கு முன்னால் ஊதாக் கோடு, பின்னால் பச்சைக் கோடு. அரக்குச் சேலையில் அது தப்பித்துவிடும். வெளிர் நிறச் சேலையில் எடிட்டிங்கில் உட்கார்ந்து கண்ணீர் விட வேண்டியதுதான். இந்தப் பிழைகளைத் திருத்தத்தான் அத்தனை கண்ணாடி, அத்தனை எடை.

ஆகவே எஃப் எண்ணை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள். நிக்கானின் இசட் 50 எஃப்/1.8 எஸ் லென்ஸில் பன்னிரண்டு கண்ணாடி, 415 கிராம். கேனான் 1.8க்கும் இதற்கும் வாசல் ஒரே அளவு. எடை மட்டும் இரண்டரை மடங்கு. அந்தக் கூடுதல் எடையில் கணிசமான பங்கு ஓரம் வரை கூர்மைக்காகச் செலவானது. 2024இல் அதே நிக்கான் ஒரு எஃப்/1.4 கொண்டுவந்தது. வெளிவந்தபோது அதன் விலை இந்த 1.8ஐவிடக் குறைவு! எண் சிறிதானால் லென்ஸ் உசத்தி என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே பாடியில் மாட்டிப் பார்க்கட்டும்.

நானும் அந்த நம்பிக்கையில் அடிபட்டவன்தான். பல வருடம் முன்பு, திருப்பரங்குன்றத்தில் கோயிலை ஒட்டிய ஒரு மண்டபம். 85 மி.மீ. எஃப்/1.4 லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போயிருந்தேன். இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று, தாலி ஏறும் நேரத்தில் 1.4இலேயே தட்டிக்கொண்டிருந்தேன். அந்தத் தூரத்தில் அந்த லென்ஸுக்குத் தெளிவாகக் கிடைப்பது நாலரை சென்டிமீட்டர் ஆழம். மாப்பிள்ளையின் விரலும் மஞ்சள் கயிறும் அற்புதமாக விழுந்திருந்தன. பெண்ணின் முகம் புகை, பின்னால் முடிச்சுப் போட்ட நாத்தனார் வெறும் நிறத் திட்டு. ஆல்பம் பார்த்த அந்த அக்கா கேட்டார்: "நான் மூணாவது முடிச்சுப் போட்டதுக்குச் சாட்சியே இல்லையே தம்பி?" பதில் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் அந்த நேரத்துக்கு மூன்று மீட்டர் தள்ளி நின்று, வாசலைச் சுருக்கி 2.8 வைக்கிறேன். ஒரு சாண் அளவு ஆழம் கிடைக்கிறது. 2.8இல்தான் எடுக்கப்போகிறோம் என்றால் 1.2க்கு எதற்குக் கடன்?

அகலமான வாசல் எங்குமே உதவாது என்று சொல்ல வரவில்லை. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பாருங்கள். இன்னும் விடிந்திருக்காது, தங்கக் குதிரை ஆடி ஆடி வரும், நாம் கூட்டத்துக்குள் பதினைந்து மீட்டர் தள்ளி நிற்போம். அந்தத் தூரத்தில் 85 மி.மீ.இல் 1.8 வைத்தாலும் மூன்று மீட்டருக்கு மேல் ஆழம் இருக்கும். ஃபோகஸ் பயமே இல்லை. வெளிச்சம் எவ்வளவு கிடைத்தாலும் குதிரையின் ஆட்டத்தை உறைய வைக்கும் ஷட்டர் வேகத்துக்குத்தான் போகும். அங்கே 1.4, 1.2 எல்லாம் காசுக்கு வேலை செய்யும். ஆனால் இன்னொன்று: அழகர் மீது தண்ணீர் பீய்ச்சுவார்கள், நம் மீதும் விழும். விலை குறைந்த 50க்குத் தண்ணீர்த் துளியைத் தடுக்கும் சீல் கிடையாது, 1.2க்கு உண்டு. திருவிழாவே உங்கள் பிழைப்பு என்றால் அந்த ரப்பர் வளையத்துக்காகவே விலை கொடுக்கலாம்.

கல்யாணமே பிழைப்பு என்றால் எடையைக் கவனியுங்கள். மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை நாலரைக்கு மறுபடி மண்டபம். பாடியோடு சேர்த்தால் அந்த 1.2 ஒன்றரைக் கிலோவுக்கு மேல். காலையில் மணிக்கட்டு சொல்லும்.

கடைசியாகக் கேட்ட தம்பியிடம், கடைக்குப் போகுமுன் லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் பழைய கல்யாணங்களை அப்பர்ச்சர் வாரியாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். அவன் கையில் ஏற்கெனவே ஒரு 1.4 இருக்கிறது. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். "ரெண்டுக்குக் கீழ போனது நூத்துக்குப் பத்துகூட வரலண்ணே. அதுலயும் பாதி மோதிரமும் மருதாணியும்." அதற்கு ஆர்.எஃப். 35 எஃப்/1.8 மேக்ரோ போதும், 305 கிராம், 17 செ.மீ. வரை கிட்டப் போகலாம், நிச்சயதார்த்த வீட்டின் சின்ன ஹாலுக்கும் அதுதான் சரி என்றேன். வாங்கிவிட்டான்.

போன வாரம் மறுபடி போன். "அண்ணே, 85லயும் ஒன் பாயின்ட் டூ இருக்காம்ல?"