ஓட்டுக் கேட்டு வந்தவரிடம் கணக்குக் கேட்பது எப்படி?

அரசு அலுவலகத்தில் இருக்கும் கோப்பு, பதிவேடு, ஒப்பந்தம், மதிப்பீடு, அளவுப் புத்தகம் முதலிய ஆவணங்களை, சட்டமே விலக்கி வைத்த சிலவற்றைத் தவிர, இந்தியக் குடிமக்கள் எவரும் பார்வையிடவும் நகல் பெறவும் உரிமை தருவது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பட்டா மாறுதல் தாமதத்துக்கும் ஓய்வூதியக் கோப்பு நகராததற்கும் மட்டுமே உதவும் கருவியாக இதைக் கருதுவோர் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் உண்டு. அந்தப் பயனும் உண்மைதான். ஆயினும் இங்கே விளக்கப்போவது அதன் இன்னொரு பயனை: நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களின் பரிந்துரையில் செலவாகும் பொதுப்பணத்தின் கணக்கையும், அவர்கள் தேர்தலில் நின்றபோது தாமே எழுதிக் கொடுத்த கணக்கையும் கேட்டு வாங்குவது.

இந்தச் சட்டம் ஆட்சியாளர்கள் தாமாக முன்வந்து கொடுத்ததன்று. உலகில் இவ்வகையில் முதலாவதாகச் சொல்லப்படும் 1766ஆம் ஆண்டின் சுவீடன் சட்டத்துக்குப் பின்னால் நின்றவர் ஆண்டர்ஸ் சிதேனியஸ் என்னும் கிராமத்துப் பாதிரியார். இன்றைய பின்லாந்தின் மேற்குக் கரையைச் சேர்ந்த அவர், தம் பகுதித் துறைமுக ஊர்கள் வெளிநாட்டோடு நேரடியாக வணிகம் செய்ய முடியாமல் சரக்கையெல்லாம் ஸ்டாக்ஹோம் வழியாகவே அனுப்ப வேண்டியிருந்த தடையை நீக்குவதற்காகவே 1765இல் நாடாளுமன்றம் போனார். போன இடத்தில், அரசின் ஆவணங்கள் மூடியிருக்கும்வரை வணிகத் தடையின் காரணங்களைக்கூட எவரும் கேள்வி கேட்க முடியாது என்பதைக் கண்டு, அச்சுச் சுதந்திரத்தோடு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையையும் சேர்த்துச் சட்டமாக்கப் பாடுபட்டார். அரசின் நாணயக் கொள்கையைக் குறைகூறி எழுதியதற்காக அதே மன்றம் 1766இல் அவரை வெளியேற்றியது. கடல் கடந்து வணிகம் செய்த நாட்டுக்கோட்டை நகரத்தாரின் ஊர்களில் இருப்பவர்களுக்கு, சரக்கின் வழி மறிக்கப்பட்டதிலிருந்து தகவலின் வழி திறக்கப்பட்ட இந்தக் கதை விளங்குவதில் சிரமம் இராது.

இந்தியாவில் அது கூலிக் கணக்கிலிருந்து தொடங்கியது. ராஜஸ்தானில் 1990ஆம் ஆண்டு மே தினத்தன்று அமைக்கப்பட்ட மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, பஞ்சப் பணிகளில் வேலை செய்தவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்காததை எதிர்த்தபோது, வேலை செய்யாதவர்களின் பெயர்களும் வருகைப் பட்டியலில் இருப்பதை அறிந்து, பட்டியலின் நகலைக் கொடுங்கள் என்று கேட்டது. ஆட்சிப் பணியிலிருந்து 1975இல் விலகிய அருணா ராய், அவரோடு நின்ற நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் 1994 இறுதியிலிருந்து ஊர் கூட்டிக் கணக்கை உரக்கப் படிக்கும் பொது விசாரணைகளை நடத்தினர். முதலமைச்சர் 1995இல் சட்டமன்றத்தில் நகல் தருவதாக வாக்களித்தார்; ஆணை வந்தபோது அதில் பார்க்கலாம் என்றுதான் இருந்தது, நகல் இல்லை. அதைக் கண்டித்து 1996 ஏப்ரலில் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. “எங்கள் பணம், எங்கள் கணக்கு” என்பது அவர்களின் முழக்கம். வரவையும் பற்றையும் எழுதி ஐந்தொகை போட்டுப் பார்க்காமல் ஆண்டை முடிக்காத மரபினர் வாழும் நம் பகுதியில், இதைவிடச் சுருக்கமாக இந்தச் சட்டத்தை விளக்க முடியாது.

இடையில் 1997இல் தமிழ்நாடு, இந்திய மாநிலங்களிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைச் சட்டம் ஒன்றை இயற்றியது. விலக்குகள் மிகுதியாக இருந்ததால் அது பெரிதாகப் பயன்படவில்லை. நாடாளுமன்றம் 2002இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் நடைமுறைக்கே வரவில்லை. இயக்கத்தாரின் வரைவு, தேசிய ஆலோசனைக் குழு வழியாக அரசிடம் போய், இன்றுள்ள சட்டம் 2005 மே மாதம் இரு அவைகளிலும் நிறைவேறி, அக்டோபர் 12ஆம் நாள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இதற்காகப் பாடுபட்டவர்கள் பின்னர் ஒரே பாதையில் செல்லவில்லை. அருணா ராய் தேர்தலில் நிற்கவில்லை. தில்லியில் ரேஷன் கடைப் பதிவேடுகளைக் கேட்டு வாங்கி முறைகேடுகளை வெளிக்கொணர்ந்து, 2006இல் மகசேசே விருது பெற்ற அரவிந்த் கெஜ்ரிவால், 2012இல் கட்சி தொடங்கி 2013 டிசம்பரில் முதலமைச்சரானார். வங்கிகள் 2008இல் சரிந்த ஐஸ்லாந்தில், செயற்பாட்டாளரான பிர்கித்தா யோன்ஸ்தோத்திர் 2009இல் நாடாளுமன்றம் புகுந்து, தகவல் சுதந்திரத்துக்கான தீர்மானம் ஒன்றை 2010இல் ஒருமனதாக நிறைவேறச் செய்தார். கேட்பவர் நாற்காலியில் இருந்தவர் பதில் சொல்லும் நாற்காலிக்கு மாறினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் பொருட்படுத்துவதில்லை. யார் அமர்ந்தாலும் கோப்பு அதே கோப்புதான்.

இனி, நடைமுறை. உங்கள் ஊர் ஊருணிக்குப் படித்துறை கட்டியதாகப் பலகை நிற்கிறது, தொகுதி மேம்பாட்டு நிதி என்று அதில் எழுதியிருக்கிறது, படித்துறையோ பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது யாருடைய நிதி என்று பார்க்க வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும், தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாயும் தொகுதி மேம்பாட்டுக்கென ஒதுக்கப்படுகின்றன. இந்தப் பணம் உறுப்பினரின் கைக்கு வருவதில்லை. அவர் பணியைப் பரிந்துரைக்கிறார்; மதிப்பீடு போட்டு, ஒப்புதல் அளித்து, பணம் வழங்குவது மாவட்ட நிர்வாகம். ஆகவே மனுவை எம்.பி.க்கோ எம்.எல்.ஏ.க்கோ எழுதிப் பயனில்லை; மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இத்திட்டங்களைக் கவனிக்கும் பிரிவின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும்.

செட்டிநாட்டில் ஒரு சிக்கல் உண்டு. நம் ஊர்களில் ஒரு பகுதி சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு பகுதி புதுக்கோட்டை மாவட்டத்திலும் கிடக்கின்றன. திருமயம், ஆலங்குடி சட்டமன்றத் தொகுதிகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்தாலும் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குகின்றன. எம்.பி. நிதியைப் பொறுத்தவரை தொகுதி பல மாவட்டங்களில் பரவியிருந்தால் அவற்றில் ஒன்று முதன்மை மாவட்டமாகத் தேர்ந்தெடுக்கப்படும். இராயவரத்திலோ அரிமளத்திலோ நடந்த வேலையின் தாள்கள் சிவகங்கையிலும் இருக்கக்கூடும், புதுக்கோட்டையிலும் இருக்கக்கூடும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவோமோ என்று தயங்க வேண்டியதில்லை. மனுவைப் பெற்ற அலுவலர், அது தமக்குரியதன்று என்றால், உரிய அலுவலகத்துக்கு 5 நாளுக்குள் மாற்றி அனுப்பி உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று 6(3) பிரிவு கட்டாயப்படுத்துகிறது. இங்கு இல்லை என்று மட்டும் எழுதி மனுவைத் திருப்பிவிடும் வழக்கம் பரவலாக இருப்பதால் இந்தப் பிரிவின் எண்ணை மனுவிலேயே எழுதிவிடுவது நல்லது.

மனுவை வெள்ளைத் தாளில் தமிழில் கையால் எழுதினால் போதும். தமிழ்நாடு அரசு அலுவலகம் எனில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்ட வேண்டும். நகலுக்குப் பக்கம் ஒன்றுக்கு 2 ரூபாய். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், ரயில்வே போன்ற மத்திய அரசு அமைப்புகளுக்கு 10 ரூபாய் அஞ்சல் ஆணை இணைக்க வேண்டும். அங்கும் மனு தமிழில் இருக்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோர் சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. இணையவழியிலும் மனுச் செய்யலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்கும் அதிகாரம் அலுவலருக்கு இல்லை. இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டுமே உரியது என்பதால், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்க்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் மனுச் செய்யலாம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் செய்ய முடியாது. அவர் பெயரில் அன்றி, ஊரில் இருக்கும் உறவினர் தம் பெயரில் கேட்டுக்கொள்ளலாம்.

மனுவில் கேள்வி எப்படி அமைகிறது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. படித்துறை ஏன் முடியவில்லை, யார் பொறுப்பு என்று கேட்டால், இது தகவல் அன்று என்று ஒருவரிப் பதில் வரும். அந்தப் பதில் பெரும்பாலும் சட்டப்படி சரியாகவும் இருக்கும், ஏனெனில் கையில் இல்லாத விளக்கத்தைப் புதிதாக உருவாக்கித் தர வேண்டிய கடமை அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. மாறாக, பணியைப் பரிந்துரைத்த கடிதம், நிர்வாக ஒப்புதல் ஆணை, மதிப்பீடு, ஒப்பந்தம், அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், பட்டியல் (பில்) தொகை வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டால், ‘ஏன்’ என்பதற்கான விடை அந்தத் தாள்களுக்குள்ளேயே கிடக்கும். அளவுப் புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். எத்தனை மீட்டர் கட்டியதாக எழுதிப் பணம் எடுத்தார்கள் என்பதை ஊருணிக் கரையில் நாடா பிடித்துச் சரிபார்க்க உதவுவது அது ஒன்றுதான். தாள்கள் மிகுதி என்று தோன்றினால் அலுவலகத்துக்கே போய்ப் பார்வையிட அனுமதி கேட்கலாம். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் சட்டம் இடம் தருகிறது.

பதில் 30 நாளுக்குள் வர வேண்டும். வராவிட்டாலும், வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலும், அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு 30 நாளுக்குள் எழுத வேண்டும். அதன் பிறகும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. மத்திய அமைப்பு எனில் தில்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்கு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்கலாம். கெடு தாண்டிவிட்டால் நகல்களை இலவசமாகவே தர வேண்டும். நகல் கட்டணம் கேட்டுத் தாமதமாக வரும் கடிதத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேர்தலில் நின்றவரைப் பற்றிய தகவலுக்கு தகவல் உரிமை (ஆர்.டி.ஐ.) மனுகூடத் தேவையில்லை. வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை வாக்காளர் அறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் கூறியது. அதை முறியடிக்க வந்த சட்டத்திருத்தத்தையும் 2003 மார்ச்சில் செல்லாததாக்கியது. அதற்கான படிவம் 26 என்னும் உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. அதில் பொய் சொன்னால் 6 மாதம் வரை சிறை உண்டு. செலவுக் கணக்கையும், முடிவு அறிவித்த 30 நாளுக்குள், மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒவ்வொரு வேட்பாளரும் கொடுக்க வேண்டும். தோற்றவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலுக்கு 95 லட்சம், சட்டமன்றத் தேர்தலுக்கு 40 லட்சம் என்ற வரம்புக்குள் அந்தக் கணக்கு எவ்வளவு ஒழுங்காக அடங்கியிருக்கிறது என்பதை நேரில் பார்த்தால், தேர்தல் நேரத்து ஊர்நிலவரம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடும்.

கட்சிகளிடம் மட்டும் கதவு திறக்கவில்லை. காங்கிரஸ், பாரதிய ஜனதா, இரு கம்யூனிஸ்டு கட்சிகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ் ஆகிய 6 தேசியக் கட்சிகளும் இச்சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013 ஜூன் 3ஆம் நாள் தீர்ப்பளித்தது. அரசிடமிருந்து நிலம், வரிவிலக்கு, வானொலி நேரம் ஆகியவற்றைப் பெறுவது அதற்கு ஆணையம் சொன்ன காரணங்களில் அடங்கும். இடது, வலது என்ற வேறுபாடின்றி எந்தக் கட்சியும் அதற்குப் பணியவில்லை. பணியவும் இல்லை, தீர்ப்புக்கு எதிராக நீதிமன்றம் போய்த் தடை வாங்கவும் இல்லை, அப்படியே கிடப்பில் போட்டுவிட்டன. ஆயினும் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தபோது, கட்சிக்கு யார் பணம் கொடுக்கிறார்கள் என்று அறிவது வாக்காளரின் தகவல் உரிமையில் அடங்கும் என்று கூறியது. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும், அது வெளியிடப்படுகிறது.

இறுதியாக, அண்மையில் நிகழ்ந்த ஒரு மாற்றம். பழைய 8(1)(ஒ) பிரிவு, பொதுச் செயலோடோ பொதுநலனோடோ தொடர்பற்ற, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடக்கூடிய தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்க இடம் தந்தது. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கலாகாது என்ற வரி அதனோடு சேர்ந்திருந்தது. உறுப்பினருக்கும் அவரை அனுப்பிய வாக்காளருக்கும் ஒரே தட்டு என்று வைத்த வரி அது. சட்டத்திலேயே அழகான வரி என்பது என் கருத்து. எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 இவ்விரண்டையும் நீக்கி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கியது. 2025 நவம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இனி ஒப்பந்ததாரர் பெயரும் பயனாளிப் பட்டியலும் தனிப்பட்ட தகவல் என்று சொல்லித் திருப்பப்படலாம். அப்போது மேல்முறையீட்டில் எடுத்துக்காட்ட வேண்டியது 8(2) பிரிவு: மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் மிகுதி எனில், விலக்கு இருந்தாலும் தகவலைத் தரலாம் என்று அது கூறுகிறது, அந்தப் பிரிவைத் திருத்தம் தொடவில்லை. ஒரு தாளில் மறுக்க வேண்டிய வரிகள் இருந்தால் அவற்றை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்னும் 10ஆம் பிரிவையும் அதனோடு சேர்த்து எழுதலாம்.