ஆறு நாள் விக்கலும் கழுத்தில் ஓர் ஊசியும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் யாருக்காவது விக்கல் எடுத்தால் ஒரு கரண்டி சீனியை வாயில் போடுவார்கள். யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்ற என் பெரியப்பாவை யாரோ ஆறு நாள் ஓயாமல் நினைத்தார்கள். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

48 மணி நேரத்தைத் தாண்டினால் அது நீடித்த விக்கல். வயிற்று அமிலம், சிறுநீரகக் கோளாறு, பக்கவாதம் என ஏதாவது பின்னால் ஒளிந்திருக்கலாம் என்பதால் முதலில் காரணத்தைத் தேடுவார்கள். அடுத்து குளோர்புரோமசின், பாக்லோஃபென் போன்ற மாத்திரைகள். பெரியப்பாவின் விக்கல் எதற்கும் மசியவில்லை. ஈப்போவில் ஒரு மருத்துவமனையில், கழுத்தில் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்யலாம் என்றார்கள்.

குலுங்குவது நெஞ்சு, ஊசி ஏன் கழுத்தில்? மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கருவில் கழுத்தருகே உருவாகிறது. கீழே இறங்கும்போது தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது. அதனால் அந்த நரம்பின் வேர் இன்றும் கழுத்தில்தான். உதரவிதானம் வெடுக்கென்று சுருங்க, காற்று உள்ளே பாய, சுமார் 35 மில்லி விநாடிக்குள் குரல்வாய் மூடிக்கொள்கிறது. அந்த அடைப்பின் சத்தம்தான் 'விக்'.

அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி, நரம்பின் அருகே மருந்தை மெல்லச் செலுத்துவார்கள். அதன் வேலை சில மணி நேரம்தான். ஆனாலும் சிலருக்கு மருந்து கலைந்த பிறகும் விக்கல் திரும்புவதில்லை. வேறு சிலருக்கு அன்றே திரும்பிவிடும்.

சிக்கல் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. கழுத்து நரம்புகள் பழைய லயத்து வீடுகள் மாதிரி. இங்கே தண்ணீர் கொட்டினால் அடுத்த வீட்டுத் தரை நனையும். மருந்து கைக்குப் போகும் நரம்புகளை எட்டினால் கை மரக்கும். குரல் நரம்பை எட்டினால் குரல் கம்மும். கண்ணுக்குப் போகும் பரிவு நரம்பை எட்டினால் கண்ணிமை தொங்கும், கண்மணி சுருங்கும். இவை மருந்து கலைந்ததும் சரியாகிவிடும். ஊசி நுரையீரலின் உச்சியைக் குத்திவிட்டாலோ, மருந்து இரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ கதை வேறு: மார்பில் காற்று சேரும், வலிப்பு வரலாம்.

எல்லாம் சரியாக நடந்தாலும் பாதி உதரவிதானம் சில மணி நேரம் செயலிழக்கும். ஆழ்மூச்சின் கொள்ளளவு ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஆகவே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் போடுவதைத் தவிர்ப்பார்கள். நாள்பட்ட ஆஸ்துமா, நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஒரு பக்கமே ஆபத்தாகலாம். பெரியப்பா ஐம்பது வருடம் பீடி பிடித்தவர் என்பதை மருத்துவர் கேட்காமலேயே நாங்கள் சொல்லிவிட்டோம்; மருத்துவர் ஊசியை எடுக்கும் முன் எக்ஸ்ரேவை இன்னொரு முறை பார்த்தார்.

மாலை வரை பெரியப்பாவுக்குக் குரல் கம்மியிருந்தது. மறுநாள் காலையில் இரண்டு முறை விக்கினார். அதோடு சரி.