நான்காவது மூடி

அமெரிக்க ரயில் பாதைகளில் ஒரு காலத்தில் பனிக்கட்டியால் குளிரூட்டிய சரக்குப் பெட்டிகள் ஓடின. கலிஃபோர்னியாவின் ஆரஞ்சும் லெட்டூஸ் கீரையும் கிழக்குக் கரை நகரங்களுக்கு வாடாமல் போய்ச் சேர்ந்தது அவற்றால்தான். கூரையின் நான்கு மூலைகளிலும் மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்து பனிக்கட்டியை உள்ளே தள்ளுவார்கள்.

என் மேசையில் இருப்பது அப்படியொரு பெட்டியின் 87-இல் ஒரு பங்கு உருவம். மாதிரி ரயில் செய்பவர்கள் இதை ‘எச்ஓ’ அளவு என்பார்கள். தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. நிஜத்தில் 40 அடி நீளமுள்ள பெட்டி, இங்கே ஒரு சாண்கூட இல்லை, 14 செ.மீ.தான். மரத்துண்டுகளும் உலோக வார்ப்புகளுமாக, வாங்கியவரே ஒட்டிச் சேர்க்கும்படி விற்கப்பட்ட பழைய தொகுப்பு. எல்லாவற்றையும் பரப்பி எண்ணிப் பார்த்தால், மூடிகள் மூன்றுதான் இருக்கின்றன.

மூடியைத் தேடும் முன் சக்கரங்களைத் தாங்கும் பக்கச் சட்டங்களைப் பார்த்துவிட வேண்டும். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய சட்டங்கள் சில வீங்கி வளைந்து, விரல் பட்டாலே பிஸ்கட் போல உதிரும். துரு என்று நினைத்து எண்ணெய் பூசுவது வீண். நோய் உலோகத்தின் உள்ளே இருக்கிறது. அலுமினியம் கலந்த துத்தநாகத்தை உருக்கும்போது காரீயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவற்றில் ஏதாவது இம்மியளவு சேர்ந்துவிட்டாலும், உறையும் நேரத்தில் அது படிக மணிகளின் எல்லைகளில் போய் ஒதுங்கும். காற்றின் ஈரம் அந்த எல்லைகள் வழியே அரித்துக்கொண்டு நுழைகிறது. அரிப்பில் விளையும் பொருளுக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். அந்த நெருக்கடியில் மணிகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. 1929-இல் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் உருவாக்கிய ஜமாக் கலவைகளுக்கு மிகத் தூய துத்தநாகமே அடிப்படையானது இதனால்தான். நோய் கண்ட சட்டத்தை மீட்க முடியாது. அதை நகலெடுத்தாலும் வீக்கமும் சேர்ந்தே நகலாகும். மாற்றிவிடுவதுதான் வழி.

மூடியின் கதை வேறு. மீதி மூன்றில் நன்றாக இருப்பதே நான்காவதற்குத் தாய். அடிப்பக்கம் தட்டையாக இருப்பதால் ஒரே அச்சு போதும். மூடியைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் பட்டையால் வேலி கட்டி, சிலிக்கோன் ரப்பரை ஊற்றுகிறேன். மூடியின் மேலேயே ஊற்றக் கூடாது. ஒரு மூலையில் நூல் போல மெல்ல விட்டால், அது தானே பரவி, காற்றைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டு ஏறும். கீல்களின் வரிகூட அதில் பதியும்.

சிலிக்கோனில் இரண்டு வகை உண்டு. வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை, இறுகும்போது ஆல்கஹாலை வெளியேற்றுகிறது; அது ஆவியாகப் போகப் போக அச்சு சற்றுச் சுருங்கும். சின்ன மூடிக்கு இது பொருட்டல்ல. ஆனால் 14 செ.மீ. பக்கச் சுவரை வார்த்தால், ஒரு சதவீதச் சுருக்கமே 1.4 மி.மீ. இடைவெளியாகிக் கண்ணைக் குத்தும். பிளாட்டினத்தால் இறுகும் வகையிலிருந்து எதுவும் வெளியேறுவதில்லை, அளவும் ஏறக்குறைய அப்படியே நிற்கும். ஆனால் அதற்குக் கந்தகம் ஆகாது. கந்தகம் கலந்த களிமண்ணில் வேலி கட்டினாலோ, லேடக்ஸ் கையுறையோடு தொட்டாலோ, அந்த இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். பிளாட்டினம் வேலை செய்யவிடாமல் கந்தகம் அதைப் பற்றிக்கொள்கிறது.

அச்சில் ஊற்றுவது பாலியூரித்தேன் ரெசின். இரண்டு திரவங்களைக் கலந்த சில நிமிடங்களில் சூடேறிக் கெட்டியாகும். அதில் ஒன்று ஐசோசயனேட்; மூச்சுக்கு ஆகாதது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈரம் பட்டால் அது தண்ணீரோடு வினைபுரிந்து கரியமில வாயுவை விடும். மழைக்காலத்தில் திறந்து வைத்த புட்டியிலிருந்து ஊற்றினால், மூடிக்குப் பதில் பஞ்சுபோன்ற நுரைதான் கிடைக்கும். ஊற்றும் முன் அச்சில் டால்கம் பவுடரைத் தூவித் தட்டிவிட்டால், அந்தத் துகள்கள் ரெசினை மூலைமுடுக்கெல்லாம் இழுத்துச் செல்லும். இந்தச் சிறு தந்திரம் என் வார்ப்புகள் பலவற்றைக் காப்பாற்றியிருக்கிறது.

கடைசியில் எடை. மரப்பெட்டி லேசானது, வளைவில் தடம் புரளும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில்பாதைச் சங்கம் எச்ஓ பெட்டிக்கு ஒரு அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. ஐந்தரை அங்குலத்துக்குக் கணக்குப் போட்டால் சுமார் 106 கிராம். கூரையை ஒட்டுவதற்கு முன்பே எடைக்கட்டியைத் தரையோடு பதித்துவிட்டேன். சோப்பு நீரில் கழுவிய புது மூடி, பெயின்ட்டுக்காகக் காய்ந்துகொண்டிருக்கிறது.